பழைய கார் மக்கர் பண்ணினால்: பாகத்தை மாற்றும் முன் பழுதைத் தேடுவது எப்படி

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் சுற்றவில்லை. பேட்டரி போய்விட்டது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். செல்ஃப் மோட்டாரை (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) கழற்றிப் பார்க்கணும் என்பார் மெக்கானிக். இரண்டையும் மாற்றிய பிறகும் அதே ‘டக்’ கேட்டால், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) போல்ட்டைப் பாருங்கள். துருப்பிடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும்.

பழைய கார்களில் பழுது பார்ப்பதன் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. பாகங்கள் கெட்டுப்போவதைவிட, பாகங்களை இணைக்கும் இடங்கள்தான் அதிகம் கெட்டுப்போகின்றன. ஆனால் கடையில் விற்பது பாகங்கள்தானே, அதனால் சந்தேகமும் முதலில் பாகத்தின் மேல்தான் விழுகிறது.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி மாதிரியான, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) கால வண்டிகளை. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. அதனால் இந்த வரிசையில் ஆக இளைய வண்டிக்கே வயரிங்கும் ரப்பரும் பத்து வருடத்தைத் தாண்டிவிட்டன. கார்புரேட்டர் வண்டியில் ஸ்கேனரைச் செருகிப் பழுதின் பெயரைப் படிக்க முடியாது. நாமே கேள்வி கேட்டு, நாமே அளந்து கண்டுபிடிக்க வேண்டியதுதான். அதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு ஜம்பர் கேபிள், ஒரு பிளக் ஸ்பேனர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எஞ்சின் சுற்றவே இல்லையா, சுற்றுகிறது ஆனால் பற்றவில்லையா? ‘வண்டி ஸ்டார்ட் ஆகலை’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சுற்றவில்லை என்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப் இந்த வட்டத்துக்குள்தான் பழுது. நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் அந்த வட்டத்தை மறந்துவிட்டு ஸ்பார்க், பெட்ரோல் பக்கம் போகலாம். இப்படி ஒவ்வொரு கேள்வியும் தேட வேண்டிய இடத்தைப் பாதியாக வெட்ட வேண்டும். வெட்டாத சோதனை நேரத்துக்குக் கேடு.

சுற்றாத எஞ்சின்

மீட்டரை எடுப்பதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் படுத்துவிட்டால், மின்சாரம் போக முயல்கிறது, ஆனால் பேட்டரி பலவீனம், அல்லது பேட்டரி முனையில் காண்டாக்ட் சரியில்லை, அல்லது செல்ஃபோ எஞ்சினோ இறுகியிருக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை என்றால், மின்சாரம் செல்ஃப் வரை போகவே இல்லை: சாவி சுவிட்ச், சோலனாய்டுக்கு (செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) போகும் சின்ன வயர், அல்லது முழுசாக அறுந்த ஓர் இணைப்பு. சத்தமும் பேசும். ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் சோலனாய்டு பிடிப்பதும் வோல்டேஜ் விழுந்து விடுபடுவதுமாக இருக்கிறது. பெரும்பாலும் சார்ஜ் இல்லாத பேட்டரி அல்லது பூத்துப்போன டெர்மினல். பலமாக ஒரே ஒரு ‘டக்’ என்றால் சோலனாய்டு வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் வரவில்லை அல்லது மோட்டாரே போய்விட்டது.

அடுத்து பேட்டரி. ஆறு செல்கள், செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆக முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும்; ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளப்பது நல்லது. எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5-லேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, அதற்குமேல் அந்தப் பேட்டரியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஓய்வில் 12.6 காட்டுவதால் மட்டும் பேட்டரி நல்லது என்று ஆகிவிடாது. வேலை செய்யும்போது அளக்க வேண்டும். இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தருவது) போகும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு (எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க), நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, யாரையாவது சாவியைச் சில நொடிகள் திருப்பச் சொல்லுங்கள். அப்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பேட்டரி சந்தேகத்துக்கு உரியது. 10.5-க்கு மேல் நிற்கிறது, ஆனாலும் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வருகிறது.

வழியில் தொலையும் வோல்ட்

கிராமத்து வீட்டில் கிணற்று மோட்டாரைப் போட்டதும் கூடத்து பல்பு ஒரு கணம் மங்கும். மோட்டார் ஒரேயடியாக அதிக மின்சாரத்தை இழுக்கும்போது, வயரிலும் இணைப்புகளிலும் உள்ள தடை கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடுகிறது. காரிலும் இதேதான் நடக்கிறது. வோல்டேஜ் டிராப் என்பது இதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. சின்னக் காரின் செல்ஃப் சுற்றும்போது 120 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த எர்த் போல்ட்டில் 0.02 ஓம் தடை. 120-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 2.4 வோல்ட். பேட்டரியிலிருந்து 10.8 வோல்ட் கிளம்பினாலும் செல்ஃபுக்குக் கிடைப்பது 8.4 தான். மீதி அந்தப் போல்ட்டைச் சூடாக்குவதில் போய்விட்டது. இதே போல்ட் வழியாக ஒரு 21 வாட் பல்பை எரித்தால்? அது இழுப்பது 2 ஆம்பியருக்கும் குறைவு, டிராப் 0.04 வோல்ட்கூட இல்லை. பல்பு பளிச்சென்று எரியும். ‘கரண்ட் வருதுங்க, டெஸ்ட் லேம்ப் நல்லா எரியுது, செல்ஃப்தான் போச்சு’ என்ற தீர்ப்பு தவறாகப் போவது இதனால்தான்.

மீட்டரை ஓம் பக்கம் திருப்பி அளந்தாலும் இந்தப் பழுது சிக்காது. சாதாரண மல்டிமீட்டரின் புரோப் வயர்களுக்கே இதைவிடப் பல மடங்கு தடை உண்டு. 0.02 ஓம் அதில் மறைந்துபோகும். ஒரே வழி, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜை அளப்பது.

செய்முறை இதுதான். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மேல். கிளாம்பின் மேல் அல்ல, கம்பத்தின் மேலேயே. மறுமுனை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஓர் இடத்தில். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் வரை காட்டலாம். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் பழுது அந்தப் பாதையில்தான். இப்போது எஞ்சினில் வைத்த முனையைப் படிப்படியாகப் பேட்டரி பக்கம் கொண்டுவாருங்கள்: பாடி, கேபிள் நுனி, கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த இணைப்புதான் திருடன். பாசிட்டிவ் பக்கமும் அப்படியே: பேட்டரி கம்பத்திலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மீட்டரே இல்லையென்றால் ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி நெகட்டிவையும் எஞ்சின் பிளாக்கையும் நேராக இணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் உற்சாகமாகச் சுற்றினால் எர்த் பட்டைதான். இன்னொரு அறிகுறியும் உண்டு: எர்த் முழுசாக விட்டுப்போன வண்டியில் செல்ஃபின் மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் போகும். சோக் நாப் சுடுகிறது, கேபிளில் புகை வருகிறது என்றால் சோக்கைக் கழற்றாதீர்கள். எர்த்தைப் பாருங்கள்.

இந்த ஒரு கருத்து புரிந்துவிட்டால் மற்ற பல மர்மங்களும் தானாக விடுபடும். பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு லேசாக மினுங்குகிறதா? பின் விளக்கின் எர்த் போய்விட்டது. பிரேக் ஃபிலமென்ட் வழியாக வந்த மின்சாரம் தரைக்குப் போக முடியாமல், அதே பல்பிலிருக்கும் பார்க் ஃபிலமென்ட் வழியாகப் பின்னோக்கி ஓடி, அந்த வயரைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற விளக்குகள் வழியே எர்த்தைத் தேடுகிறது. பல்பு ஹோல்டரின் உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் ஒரு தற்காலிக வயர் கொடுத்துப் பாருங்கள், பேய் ஓடிவிடும்.

ஹெட்லைட் மங்கலுக்கும் இதே கதைதான். 60/55 வாட் ஹாலோஜன் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கின்றன. பல பழைய கார்களில் அந்த மொத்த மின்சாரமும் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) எதுவும் இல்லாமல் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே சுற்றி வருகிறது. பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இதற்குத் தீர்வாக 100 வாட் பல்பு போடுவது இருப்பதிலேயே மோசமான யோசனை. தேய்ந்த சுவிட்ச் இன்னும் சூடாகி உருகும். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் இழுத்து, இரண்டு ரிலே போட்டால் பழைய பல்பே புதுசு மாதிரி எரியும்.

சார்ஜிங்

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் நம்மூரில் ‘டைனமோ’ என்றே சொல்வது வழக்கம். அசல் டைனமோ இருக்கும் மிகப் பழைய வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சிவப்பு விளக்கு மினுங்குவது இயல்பு. ஆல்டர்னேட்டர் வண்டியில் அது பழுது. இன்னொன்று, சில பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புகளில் பாடி பாசிட்டிவோடு இணைந்திருக்கும். ஜம்பர் கேபிள் மாட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்து பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஆகவில்லை. முதலில் பெல்ட், அப்புறம் ஆல்டர்னேட்டர் பின்னாலுள்ள வயர்கள், கடைசியில்தான் ஆல்டர்னேட்டர். பல ஆல்டர்னேட்டர்களுக்கு ஆரம்ப உந்துதல் கொடுப்பதே டேஷ்போர்டிலுள்ள சார்ஜ் பல்பு வழியாக வரும் சிறு மின்சாரம்தான். சாவியைப் போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் பல்பு போனதாலேயே சார்ஜ் ஆகாமல் இருக்கலாம். 15 வோல்ட்டைத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவது அதன் முதல் அறிகுறி.

ஒரு பழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘வண்டி நிற்கலை, டைனமோ ஓகே’ என்று சோதிப்பது. ஆல்டர்னேட்டரில் இப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரு கணத்தில் எகிறி டயோடுகளையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும்.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறதா? நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எல்லாக் கதவும் மூடிய நிலையில் 0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அணையாத 5 வாட் டிக்கி பல்பு 0.4 ஆம்பியர் தின்னும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றரை நாளில் மொத்தமும் காலி, அதற்கு முன்பே ஸ்டார்ட் ஆவதை நிறுத்திவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவ, எதில் எண் விழுகிறதோ அந்தச் சர்க்யூட். வண்டி வாங்கிய பிறகு பொருத்திய ஸ்டீரியோவும் ஹாரன் ரிலேயும் வழக்கமான சந்தேக நபர்கள். எந்த ஃபியூஸை உருவினாலும் மாறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசிகிறதா பாருங்கள். அதன் வயர் பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டிக்குள் வருவதில்லை.

சுற்றுகிறது, பற்றவில்லை

ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெட்ரோல் வாசம் வந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்கைத் தேடுங்கள் (சோக்கை அதிகமாக இழுத்து ஓவர்ஃப்ளோ ஆனாலும் நனைந்திருக்கும், ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்தபடி சுற்றினால் சரியாகலாம்). எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள்.

ஸ்பார்க் பார்க்க, வேறொரு பிளக்கை வயரில் மாட்டி அதன் உலோக உடலை எஞ்சினோடு ஜம்பர் வயரால் இணைத்துவிட்டுச் சுற்றவும். கையில் பிடிக்க வேண்டாம், இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகக்கூடியது. கழற்றிய பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் அதற்குத் தள்ளியே வையுங்கள். ‘சட் சட்’ என்று நீல நிறத்தில் அடித்தால் நல்லது. மஞ்சளாக இளைத்திருந்தால் பாயின்ட் (காயிலுக்கான மின்சாரத்தை வெட்டி வெட்டிவிடும் காண்டாக்ட்), கண்டன்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இவற்றில் ஒன்று. பாயின்ட் இடைவெளி பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டர் சுற்றி இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது) வருகிறதென்றால் ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடும் எஞ்சினைப் பாருங்கள். கசியும் பிளக் வயர்களில் ஸ்பார்க் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பெட்ரோல் பக்கம்: ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடாதபோது ஆக்ஸிலேட்டரை அசைத்தால், ஆக்ஸிலேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் உள்ளே பெட்ரோல் பீய்ச்சுவது தெரியும். தெரிந்தால் பம்ப்பும் டேங்க்கும் தப்பித்தன. இல்லையென்றால் ஃபில்டர், பம்ப் டயாஃபிரம், குழாய்கள். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. எஞ்சினுக்கு மேல் போகும் ரப்பர் குழாய்களை வெடிப்பு தெரிகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள், இது தீப்பிடிக்கும் விஷயம்.

வெயிலில் ஓட்டிவந்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகாத வியாதி தனி. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம், அல்லது காயில் சூட்டில் செயலிழந்திருக்கலாம். எது என்று ஆறிய பிறகு சொல்ல முடியாது. மக்கர் செய்யும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும். இருந்தால், பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் உள்ளே

மூன்று சிலிண்டர் மாருதி 800 ஒரு சிலிண்டரை இழந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், வண்டி உதறும். ஓடும் எஞ்சினில், ரப்பர் பிடியுள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முனையை உடனே எர்த்தில் படும்படி வையுங்கள். எதைக் கழற்றினாலும் எஞ்சின் மேலும் தடுமாற வேண்டும். தடுமாறாத வயர்தான் செத்த சிலிண்டர். அதில் பிளக்கை மாற்றியும் தேறவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்க வேண்டும். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

புகையின் நிறமும் உதவும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் ஆயில் எரிவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல், ஓடும்போது தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் ரிங். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையும், குறைந்துகொண்டே போகும் ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்தால் கேஸ்கெட்.

சூடேறும் வண்டிக்கு எப்போது சூடேறுகிறது என்று கேட்டாலே பாதி விடை. டிராஃபிக்கில் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன் மோட்டார், ஃபேன் சுவிட்ச், ஃபியூஸ். டிராஃபிக்கில் சரி, வேகமாகப் போனால் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். வருடக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் வருஷா வருஷம் யாராவது கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

சத்தங்களைப் பொறுத்தவரை, முன்சக்கரம் இழுக்கும் மாருதியில் ஸ்டியரிங்கை முழுசாக வெட்டித் திரும்பும்போது ‘கட கட’ என்றால் சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு). பின்சக்கரம் இழுக்கும் அம்பாசடரில் கிளட்ச் விடும்போது அடியில் ‘டங்’ என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். வேகத்தோடு கூடும் ‘ம்ம்’ என்ற முனகல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் வீல் பேரிங்.

பிரேக்கில் மட்டும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று இறங்காதீர்கள். நின்ற இடத்திலேயே மிதித்துப் பாருங்கள். பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்லத் தரைக்கு இறங்கினால், வெளியே சொட்டுகூட இல்லாவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

வந்தவரிடம், அது எந்தப் பழுதானாலும், ‘என்னமோ கரண்ட் பிரச்சினை அண்ணே’ என்று சொல்லாமல், அளந்ததைச் சொல்லுங்கள். ‘பேட்டரி 12.6 இருக்கு, கிராங்க் பண்ணும்போது 10.8, ஆனா பிளாக்குக்கும் நெகட்டிவுக்கும் நடுவுல 1.8 விழுது’ என்று சொன்னால், கைதேர்ந்தவர் செல்ஃப் பக்கமே போகாமல் நேரே 14-ஆம் நம்பர் ஸ்பேனரைத் தேடுவார்.